பழைய பேட்டரியும் பச்சைப் பிள்ளையும்



சென்ற இதழில் டிங்கிக் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம், டிங்கிக் கொசுவைத் தேடிப் போன இடத்தில் என் கண்ணில் பட்ட வேறொரு பகைவனைப் பற்றி எழுதுகிறேன். இவனால் காய்ச்சல் வராது, இருமல் வராது. பிள்ளை ஓடியாடி விளையாடிக் கொண்டே இருக்கும். ஆனால் உள்ளே இரத்தமும் மூளையும் கெட்டுக்கொண்டே போகும். இவன் பெயர் காரீயம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டில் ஈயம் என்றால் உடனே ஈய லம்பம், ஈயக் குட்டைதான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், மலாயில் தீமா. நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. அது வேறு, காரீயம் வேறு. காரீயத்தை மலாயில் தீமா ஹீத்தாம் என்பார்கள். ஆஸ்பத்திரித் தாளில் பிளம்பம் என்று எழுதியிருக்கும். லோரி பேட்டரிக்குள் இருப்பதும், வீச்சு வலையின் ஓரத்தில் குண்டாகக் கோர்ப்பதும் இந்தக் காரீயந்தான். பென்சிலுக்குள் இருப்பது காரீயம் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது கிராபைட் என்ற கரி வகை. அதற்குப் பயப்பட வேண்டாம்.

இனி நடந்த கதைக்கு வருகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு செம்பனைத் தோட்டத்தில், குலை வெட்டும் தோழர் ஒருவரின் மகன், இரண்டரை வயது, மருந்தகத்துக்கு வந்தான். "வயித்த வலிக்குதுன்னு அழுவுறான் டிரசர் ஐயா, சோறே எறங்க மாட்டேங்குது" என்றார் தாயார். பூச்சி மருந்து கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். கண் இமையைத் திருப்பிப் பார்த்தேன், வெளுத்திருந்தது. இரத்தசோகை என்று இரும்புச் சத்து மருந்து கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது, "வெளிக்கே போக மாட்டேங்குறான், தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுறான். முந்தி பேசுன வார்த்தைகூட இப்ப வரல" என்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் காப்பகத்து ஆயா மட்டும், "அவன் மண்ணைத் தின்னுறான் சார், கையைத் தட்டி விட்டாலும் விட மாட்டேங்குறான்" என்று சொன்னார். மண் தின்பது இரத்தசோகையினால் வருவதுதானே என்று அதையும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் டிங்கிக் கொசுப் புழு தேடி லயத்தின் பின்பக்கம் போனேன். தேங்காய் மட்டை, பெயிண்டு டின், பழைய டயர், எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர் நின்றது, எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. ஒரு வீட்டுப் பின்புறம் கறுப்பாக ஏழெட்டுப் பெட்டிகள் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தன. அதிலும் தண்ணீர் இருந்தது, ஆனால் ஒரு புழுகூட இல்லை. குனிந்து பார்த்தேன். உடைத்த லோரி பேட்டரி. பக்கத்தில் மூன்று கல் அடுப்பு, இரும்புச் சட்டி, கைப்பிடி வைத்த மைலோ டின், மண் அச்சு. அந்தச் சிறுவனின் வீடு அது.

தகப்பனார் ஒளிக்கவில்லை. "ஞாயித்துக்கெழமைல வலைக்குக் குண்டு ஊத்துவேன் சார். நாலஞ்சு பேரு வாங்குவாங்க. ஏதோ அரிசிச் செலவுக்கு ஆவும்" என்றார். பழைய பேட்டரியை வண்டிப் பட்டறையில் கேட்டால் சும்மாவே கொடுத்தார்களாம். தகப்பன் ஊற்றிய குண்டுகளை வைத்து மகன் கோலி விளையாடினான். தகடுகளை உதறிய மண்ணில் உட்கார்ந்தான். அதே கையை வாயில் வைத்தான்.

அன்றைக்கே கடிதம் எழுதி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரத்தத்தைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். டெசிலிட்டருக்கு 52 மைக்ரோகிராம் காரீயம். அவன் அக்காள், ஐந்து வயது, அவளுக்கு 19. அந்தப் பெண்ணுக்கு வயிற்று வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. "அவ நல்லாத்தானே இருக்கா!" என்று தாயார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தோழர்களே, அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

காரீயம் உடம்புக்கு எந்த விதத்திலும் தேவையில்லாத உலோகம். ஆனால் உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று தவறாக எண்ணி உள்ளே விடுகிறது. இரத்தத்தில் புகுந்தால் இரத்தம் ஊறும் வேலையைத் தடுக்கிறது. அதனால் சோகை வருகிறது. குடலை இறுக்குகிறது, அதனால் வயிற்று வலியும் மலச்சிக்கலும். மூளை வளரும் பருவத்தில் மூளையின் இணைப்புகளைக் கெடுக்கிறது. பிறகு எலும்பில் போய்த் தங்கிவிடுகிறது. இரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது பல பத்து ஆண்டுகள் இருக்கும். ஒரு பெண் சிறுமியாக இருந்தபோது எலும்பில் சேர்ந்தது, அவள் கர்ப்பமாகும் காலத்தில் கரைந்து வந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

ஒரே அளவு காரீயம் வாய் வழியே போனால், பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கு சிறு பிள்ளையின் உடம்பு எடுத்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் இருந்தாலும், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தாலும் இன்னும் அதிகம் ஏறும். தவழும் பிள்ளை தரையில் கிடக்கிறது, எதையும் வாயில் வைக்கிறது. ஆகவே ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஆபத்துக் காலம். அதிலும் ஒன்றரை, இரண்டு வயதில்தான் இரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போகும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. டெசிலிட்டர் என்பது 100 மில்லி. 12 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் சுமார் ஒரு லிட்டர் இரத்தம் ஓடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் மொத்த இரத்தத்திலும் சேர்த்து 50 மைக்ரோகிராம்தான். ஒரு சீனிப் பரலைப் பத்துத் துண்டாக உடைத்தால் அதில் ஒரு துண்டுகூட வராது. அந்தத் துளி போதும், கவனிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்று சொல்ல. 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்று கூறியிருக்கிறது. அதே ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் அளவை 3.5 ஆக்கியது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்த அளவு எப்படி இறங்கி வந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் 1975-இல் 30 வரை பரவாயில்லை என்றார்கள். 1985-இல் 25. 1991-இல் 10. 2012-இல் 5. இப்போது 3.5. காரீயம் மாறவில்லை. அளந்து பார்க்கப் பார்க்கத்தான் அதன் கெடுதல் தெரிய வந்தது. 1979-இல் டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மன் என்பவர் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அதில் உள்ள காரீயத்தை அளந்தார். நோய் என்று எதுவும் தெரியாத பிள்ளைகள்தான். ஆனால் பல்லில் காரீயம் கூடியிருந்த பிள்ளைகளுக்கு அறிவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது, வகுப்பில் கவனமும் குறைந்தது. நம் பிள்ளை படிப்பில் மந்தம், சொன்னதைக் கேட்பதில்லை என்று அடிக்கிறோமே, அதற்குள் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

காரீயம் எங்கிருந்தெல்லாம் வருகிறது?

பெட்ரோல்: ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பெட்ரோலில் காரீயம் கலந்தார்கள். நம் நாட்டில் 1985-இல் விதி கொண்டு வந்து அதைக் குறைத்தார்கள். 1990 முதல் லிட்டருக்கு 0.15 கிராம் என்று கட்டுப்படுத்தினார்கள். சிங்கப்பூரில் 1998-இல் காரீயப் பெட்ரோல் விற்பனை நின்றது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. புகை நின்றாலும், பழைய பெரிய சாலை ஓரத்து மண்ணில் விழுந்தது அழியாமல் கிடக்கும்.

பெயிண்டு: ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1904-ஆம் ஆண்டிலேயே டாக்டர் லாக்ஹார்ட் கிப்சன் என்பவர், பிள்ளைகளுக்கு வந்த காரீய நோய்க்குக் காரணம் வீட்டு வராந்தாக் கைப்பிடியில் பொடிந்து உதிரும் பெயிண்டுதான் என்று எழுதினார். பழைய லயத்துக் கதவு, சன்னல், கைப்பிடியில் பெயிண்டு செதில் செதிலாக உரிகிறதா? அதைப் பிள்ளை கடிக்க விடாதீர்கள். காய்ந்தபடி சுரண்டவோ, நெருப்பில் காட்டி உரிக்கவோ கூடாது.

மசாலைத்தூள்: வங்காளதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிவதற்காகக் காரீயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்த்து வந்தார்கள். 2019-இல் அதைக் கண்டுபிடித்து அரசாங்கம் கடுமையாக நடவடிக்கை எடுத்தது. அந்த ஆண்டில் சந்தையில் எடுத்த மஞ்சளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2021-இல் ஒன்றிலும் இல்லை. அளந்து பார்த்தால் ஒழிக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. முழு மஞ்சளை வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைப்பது நல்லது. சாயம் பூசியது போல் மின்னும் கிழங்கையும் தூளையும் தவிருங்கள்.

கண் மை, செந்தூரம், நாட்டு மருந்து: சுர்மா என்று விற்கும் மை வகைகள் சில முழுக்க முழுக்கக் காரீயக் கல்லை அரைத்தவை. செந்தூரப் பொடி சிலவற்றிலும் காரீயம் உண்டு. நாக பற்பம் என்பதில் நாகம் என்றாலே காரீயந்தான். பேர் தெரியாத பொடியையும் பற்பத்தையும் பச்சைப் பிள்ளைக்கு நாக்கில் தடவாதீர்கள்.

பாத்திரம்: பழைய இரும்பு, அலுமினியக் குப்பையை உருக்கி வார்த்த மலிவுச் சட்டிகளில் காரீயம் கலந்திருக்கக்கூடும். ஈயச் சொம்பு என்று சொல்லிக் காரீயம் கலந்ததை விற்பவர்களும் உண்டு. வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு போலக் கறுப்பாகப் பதிந்தால் அதில் ரசம் வைக்க வேண்டாம். புளிப்பு காரீயத்தைக் கரைக்கும்.

பேட்டரி: நம்மைப் பொறுத்தவரை இதுதான் முதல் எதிரி. காரீயம் 327 டிகிரி சூட்டில் உருகிவிடும். விறகு அடுப்பே போதும். அதனால்தான் இந்த வேலை வீட்டுப் பின்புறத்தில் நடக்கிறது. உருகும்போது எழும் புகையைவிடவும், தகட்டில் ஒட்டியிருக்கும் பசை காய்ந்து தூளாகி மண்ணில் கலப்பது மோசம். ஆப்பிரிக்காவில் செனெகால் நாட்டில், தாக்கார் நகருக்கு அருகே தியாரோய் என்ற இடத்தில், ஏழைப் பெண்கள் பழைய பேட்டரி உடைத்த மண்ணைச் சலித்துக் காரீயம் எடுத்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 பிள்ளைகள் இறந்துபோனார்கள். காசுக்கு வழியில்லாத வீட்டில்தான் இந்த விஷம் அடுப்பில் ஏறுகிறது. அந்தத் தகப்பனாரை நான் திட்டவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய நானும் சொல்லவில்லை.

இனி, எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்வையால் முடியாது. சாதாரண இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. சோகை தெரியும், அதற்குக் காரணம் தெரியாது. காரீயத்துக்கென்று தனியாகக் கேட்டு எழுதி அனுப்பினால்தான் பார்ப்பார்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது, "என் பிள்ளைக்கு பிளம்பம் பார்க்கணும், வீட்டில் இன்ன காரணம் இருக்கு" என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொன்னால் டாக்டருக்கு வேலை எளிது. கையில் இரத்த நாளத்திலிருந்து இரண்டு மூன்று மில்லி எடுப்பார்கள், அவ்வளவுதான். சில இடங்களில் விரல் நுனியில் குத்தி எடுப்பதுண்டு. அப்போது தோலில் ஒட்டிய தூசியும் சேர்ந்து பொய்யாக அதிகம் காட்டும். ஆகவே முதலில் சோப்பு போட்டுக் கையை நன்றாகக் கழுவ வேண்டும். விரலில் அதிகம் காட்டினால் நாளத்திலிருந்து எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

எந்தப் பிள்ளைக்குப் பார்க்க வேண்டும்? வீட்டிலோ பக்கத்திலோ பேட்டரி உடைத்தது, காரீயம் உருக்கியது உண்டா? தகப்பனாருக்குப் பேட்டரிக் கடை, பழைய இரும்புக் கடை, பட்டறை வேலையா? பிள்ளை மண், பெயிண்டுச் செதில் தின்கிறதா? இரும்பு மருந்து கொடுத்தும் சோகை தீரவில்லையா? பேச்சு பின்வாங்குகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பார்த்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும், கர்ப்பிணித் தாய்க்கும் பார்க்க வேண்டும்.

அளவு வந்த பிறகு என்ன செய்வது? 5-க்கு மேல் என்றால் காரணத்தைத் தேடி நிறுத்தி, டாக்டர் சொல்லும் தேதியில், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள், மறுபடி பார்க்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் டாக்டர் முழுமையாகச் சோதித்துச் சீக்கிரமே திரும்பப் பார்ப்பார். 45-ம் அதற்கு மேலும் என்றால் ஆஸ்பத்திரியில் வைத்து, காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள். வலிப்பு, மயக்கம், ஓயாத வாந்தி வந்தால் நம்பரைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு தடவை பார்த்ததோடு முடியாது. நம் சிறுவனுக்கு மருந்து கொடுத்ததும் அளவு வேகமாக இறங்கியது. மருந்தை நிறுத்தியதும் கொஞ்சம் ஏறியது. எலும்பில் இருந்தது இரத்தத்துக்குத் திரும்பியது. மூன்று மாதத்தில் 24, ஒரு வருடத்தில் 11. அவனை வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார்: மண்ணைச் சுத்தம் செய்யாமல் பிள்ளை அங்கே போகக் கூடாது. அதுவரை பாட்டி வீட்டில் இருந்தான். மேல் மண்ணை ஈரப்படுத்தி வெட்டியெடுத்து, புது மண் கொட்டி, சிமெண்டு போட்டார்கள். மருந்து கொடுத்து அதே மண்ணுக்கு அனுப்புவது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போன்றது.

மருந்து இழந்ததைத் திருப்பித் தருமா? தராது. 2001-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆராய்ச்சியில், 20 முதல் 44 வரை காரீயம் இருந்த பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அளவு இறங்கியது. அறிவுத் தேர்வில் முன்னேற்றம் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே தடுக்கச் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள், உருக்காதீர்கள். காலிப் பெட்டியை எரிக்கவும் கூடாது. வலைக்குக் குண்டு வேண்டுமானால் வார்த்ததைக் கடையில் வாங்கி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்ட பின் கையைக் கழுவுங்கள்.

2. பட்டறை வேலை முடிந்தால் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். சப்பாத்தை வெளியே கழற்றுங்கள்.

3. தூசியை விளக்குமாற்றால் கிளப்பாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

4. சாப்பிடும் முன்னும் படுக்கும் முன்னும் பிள்ளையின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். விளையாட்டுச் சாமானையும் கழுவுங்கள்.

5. காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரத்திலும் பிள்ளையை வெறும் வயிற்றில் விடாதீர்கள். பால், நெத்திலி, கேழ்வரகு சுண்ணாம்புச் சத்துக்கு. முட்டை, ஈரல், கீரை, பருப்பு இரும்புச் சத்துக்கு. கொய்யாவும் எலுமிச்சையும் சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக ஏறும்.

6. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. பழைய குழாயானால் காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

கடைசியாகச் சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பழைய காரீய பேட்டரி என்பது அட்டவணைக் கழிவு, அதற்கு எஸ்.டபிள்யூ. 102 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். கண்ட இடத்தில் போடவோ, கேட்டவருக்குக் கொடுக்கவோ கூடாது. பட்டறையில் பூட்டி வைத்து, அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அப்படி நடக்கிறதா என்று கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள். தொழிற்சாலையில் காரீயத்தோடு வேலை செய்பவர்களுக்கு இரத்தம் பார்க்க 1984-இலேயே விதி வந்தது. லயத்துப் பின்புறத்தில் மண்ணில் விளையாடும் பிள்ளைக்காகக் கேட்க நாம்தான் இருக்கிறோம்.

அந்தச் சிறுவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நன்றாகப் பந்து உதைக்கிறான். எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் மற்றப் பிள்ளைகளைவிடச் சிரமப்படுகிறான். பிறவியிலேயே அப்படியா, அந்த ஏழெட்டுப் பேட்டரியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அவனுடைய தாயார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மொதத் தடவ வந்தப்பவே பாத்திருந்தா?" என்று கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக்கே வீட்டுப் பின்புறம் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்து டிரசரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

பிள்ளைகள் நலமே நம் நலம்.